எடுக்கப் பணம் உண்டு, காட்ட இடம் உண்டா? குறைந்த பட்ஜெட் பிரிட்டிஷ் சினிமாவின் நூறாண்டுக் கேள்வி

2014இல் பிரிட்டிஷ் திரைப்பட அகாதெமியான பாஃப்டா, அந்த ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் படமாக 'கிராவிட்டி'யைத் தேர்ந்தெடுத்தது. பணம் வார்னர் பிரதர்ஸுடையது, இயக்குநர் மெக்சிகோக்காரர், நட்சத்திரங்கள் இருவரும் அமெரிக்கர்கள். படப்பிடிப்பும் கிராஃபிக்ஸ் வேலையும் மட்டும் பெரும்பாலும் பிரிட்டனில் நடந்தன. அதே விருதை 2003இல் வென்ற படம் அசிஃப் கபாடியாவின் 'தி வாரியர்'. இயக்குநர் லண்டனில் பிறந்து வளர்ந்தவர். படம் எடுக்கப்பட்டது இந்தியாவில், வசனமோ முழுக்க இந்தி. ஆஸ்கரின் வேற்றுமொழிப் பிரிவுக்குப் பிரிட்டன் அதை அனுப்பியபோது, இந்தி பிரிட்டனின் மொழி அல்ல என்று அமெரிக்க அகாதெமி மறுத்துவிட்டது. எது பிரிட்டிஷ் படம் என்பது விருது மேடைச் சர்ச்சையோடு நின்றிருந்தால் இவ்வளவு தூரம் பேச வேண்டியதில்லை. அந்த விடையை நம்பித்தான் பணம் கைமாறுகிறது. 'பிரிட்டிஷ்' என்ற சான்று கிடைத்த படத்துக்கு அரசின் கை நீளும், கிடைக்காத படத்துக்கு நீளாது.

ஹாலிவுட்டின் மொழியையே பேசும் ஒரு நாடு, தன் சொந்தச் சிறு படங்களை எப்படிக் காப்பாற்றுவது? இந்தக் கேள்வி 1920களிலிருந்து கேட்கப்பட்டு வருகிறது. ஃபிரான்சுக்கும் இத்தாலிக்கும் மொழியே ஓரளவு வேலியாக நின்றது. பிரிட்டனுக்கு அந்த வேலியும் இல்லை. கட்டாய ஒதுக்கீடு, டிக்கெட் மீதான தீர்வை, தொலைக்காட்சி முதலீடு, லாட்டரிப் பணம், வரிச்சலுகை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து விடைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள், ஒவ்வொன்றும் சில நல்ல படங்களைத் தந்தது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை இரண்டு பழக்கங்களை விடவில்லை என்று தோன்றுகிறது. ஒன்று, படத்தின் தேசியத்தைச் செலவு எங்கே ஆனது என்பதைக் கொண்டு அளப்பது. மற்றொன்று, உதவியைப் படம் எடுக்கும் கட்டத்தில் கொட்டிவிட்டு, படம் மக்களைச் சென்றடையும் கட்டத்தைச் சந்தையின் கையில் விடுவது. முதல் பழக்கத்தால் பெரிய படங்களே அதிகம் லாபம் அடைந்தன. இரண்டாவதால் சிறிய படங்கள் எடுக்கப்பட்டும் பார்க்கப்படாமல் போயின.

ஒதுக்கீடு கற்றுத்தந்தது

1920களின் நடுவில் பிரிட்டிஷ் திரையரங்குகளில் ஓடிய படங்களில் சுமார் 5 விழுக்காடு மட்டுமே உள்நாட்டுப் படங்கள். 1927ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நேரடி மருந்து தேடியது. விநியோகஸ்தர்கள் தங்கள் படங்களில் 7.5 விழுக்காடும், திரையரங்கு நடத்துவோர் 5 விழுக்காடும் பிரிட்டிஷ் படங்களாக வைத்திருக்க வேண்டும். இரண்டும் படிப்படியாக 20 விழுக்காடு வரை உயரும். எது பிரிட்டிஷ் படம் என்பதற்கும் சட்டம் இலக்கணம் வகுத்தது: பிரிட்டிஷ் நிறுவனம் தயாரித்திருக்க வேண்டும், ஸ்டுடியோ காட்சிகள் பேரரசுக்குள் எடுக்கப்பட வேண்டும், சம்பளத்தின் பெரும்பகுதி பிரிட்டிஷ் குடிமக்களுக்குப் போக வேண்டும், திரைக்கதை ஆசிரியர் பிரிட்டிஷ் குடிமகனாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்க விநியோக நிறுவனங்கள் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றின. அடிக்கு ஒரு பவுண்டு என்ற கணக்கில் அவசரமாகச் சிறு படங்களை எடுக்கவைத்து எண்ணிக்கையைக் காட்டின. 'கோட்டா குயிக்கி' என்ற ஏளனப் பெயர் அப்படித்தான் வந்தது. துப்புரவுப் பணியாளர்கள் வேலை செய்யும் காலை நேரத்தில் இவற்றை ஓட்டிச் சில அரங்குகள் கணக்கை முடித்தன என்று சொல்லும் கதை நெடுங்காலம் உலவியது. ரேச்சல் லோ போன்ற முந்தைய வரலாற்றாசிரியர்கள் இந்தப் படங்களை மதிக்கவில்லை. பின்னாளில் ஸ்டீவ் சிப்னால் போன்றோர் வேறு பார்வையை முன்வைத்தனர். அவை தொழில் பழகும் கூடமாக இருந்தன என்பதும், மைக்கேல் பவல் போன்ற ஓர் இயக்குநர் அங்கிருந்துதான் உருவானார் என்பதும் அவர்கள் வாதம். இரண்டும் ஓரளவு உண்மை. ஒதுக்கீடு திறமையாளர்களை உருவாக்கியது. பார்வையாளர்களிடமோ பிரிட்டிஷ் படம் என்றாலே மட்டம் என்ற எண்ணத்தை வளர்த்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சச் செலவு ஒன்றை நிர்ணயித்து மலிவுப் படங்களைத் தடுக்கப் பார்த்தது. தரத்துக்கு அளவுகோல் தேடிய அரசுக்குக் கையில் கிடைத்தது பணக் கணக்கு மட்டுமே. அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை.

இருந்தும் ஒதுக்கீட்டின் ஒரு சிறப்பைச் சொல்லியாக வேண்டும். திரையரங்குக் கதவைத் தொட்ட கருவி அது. திரையரங்குக்கான ஒதுக்கீடு 1983இல் நிறுத்திவைக்கப்பட்டு 1985இல் ஒழிந்த பிறகு, காட்டும் கட்டத்தில் அதற்கு இணையான கட்டாயம் எதுவும் வரவில்லை.

டிக்கெட்டில் எடுத்து, வசூல் பார்த்துக் கொடுத்த காலம்

போருக்குப் பின் கடனும் தீர்வையும் வந்தன. ஹெரால்ட் வில்சன் வணிக அமைச்சராக இருந்தபோது, 1949இல் தேசியத் திரைப்பட நிதிக் கழகம் தொடங்கியது. அதன் தொடக்க நிதி 50 லட்சம் பவுண்டு. அதில் 30 லட்சம் பிரிட்டிஷ் லயன் என்ற ஒரே நிறுவனத்துக்குப் போய் மூழ்கியது. 1950இல் நிதித்துறை அதிகாரி வில்ஃபிரட் ஈடியின் பெயரால் ஈடி தீர்வை வந்தது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு சிறு பங்கைப் பிடித்து, பிரிட்டிஷ் படத் தயாரிப்பாளர்களுக்கு அவரவர் வசூலின் விகிதத்தில் பகிர்ந்தார்கள். பார்வையாளர் விரும்பிய படத்துக்கே பணம் என்பதால் இது நியாயமாகத் தெரிந்தது. உள்ளவனுக்கே மேலும் கொடுக்கும் ஏற்பாடு என்பதும் அதே அளவு உண்மை. அமெரிக்க நிறுவனங்கள் லண்டனில் கிளை தொடங்கி, 'பிரிட்டிஷ்' இலக்கணத்துக்குள் அடங்கும்படி படமெடுத்து, தீர்வையில் பெரும் பங்கைப் பெற்றன. 'டாக்டர் நோ'வில் தொடங்கிய ஜேம்ஸ் பாண்ட் வரிசை இதற்குத் தெளிவான சான்று.

சிறு படத்துக்கென்றே அந்தக் காலத்தில் ஒரு தனி முயற்சியும் நடந்தது. 'குரூப் 3' என்ற அமைப்பை நிதிக் கழகம் 1951இல் தொடங்கியது. ஆவணப்பட முன்னோடி ஜான் கிரியர்சன் அதை வழிநடத்தியவர்களில் ஒருவர். புதிய இயக்குநர்களை வைத்துக் குறைந்த செலவில் படம் எடுப்பது அதன் நோக்கம். சுரங்க விபத்தைப் பேசிய 'தி பிரேவ் டோன்ட் க்ரை' போன்ற படங்கள் அங்கிருந்து வந்தன. நான்கைந்து ஆண்டுகளில் அமைப்பு மூடப்பட்டது. படங்களின் தரம் சீரற்றிருந்தது என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் ராங்க், ஏபிசி என்ற இரண்டு திரையரங்குச் சங்கிலிகள் நாட்டின் நல்ல திரைகளைக் கையில் வைத்திருந்த காலத்தில், இவை இரட்டைக் காட்சியின் இரண்டாம் படமாக ஓடின, அல்லது காத்துக் கிடந்தன. இரண்டாம் படத்துக்குக் கிடைத்த பங்கில் முதலீட்டை மீட்பது கடினம். திரையரங்கு ஏகபோகம் பற்றி 1944இலேயே பாலாஷ் குழு எச்சரித்திருந்தது. 1966இலும் 1983இலும் ஏகபோக ஆணையம் அதே விஷயத்தை மறுபடி ஆராய்ந்தது. ஆராய்ச்சிக்குக் குறைவில்லை.

தொலைக்காட்சி என்ற தயாரிப்பாளர்

தாட்சர் அரசு 1985இல் ஈடி தீர்வையையும் நிதிக் கழகத்தையும் ஒரே சட்டத்தில் முடித்துவைத்தது. அதற்குள் மாற்று வந்துவிட்டிருந்தது. 1982 நவம்பர் 2ஆம் தேதி ஒளிபரப்பைத் தொடங்கிய சேனல் 4, முதல் இரவிலேயே ஸ்டீபன் ஃபிரியர்ஸ் இயக்கிய 'வால்டர்' படத்தைக் காட்டியது. மூன்று ஆண்டு கழித்து அதே இயக்குநர், ஹனிஃப் குரேஷியின் திரைக்கதையில், ஏறத்தாழ 6 லட்சம் பவுண்டு செலவில், 16 மி.மீ. ஃபிலிமில் 'மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்' எடுத்தார். தொலைக்காட்சிக்கென்று எடுத்த அந்தப் படம் எடின்பரோ விழாவில் பெற்ற வரவேற்பால் திரையரங்குக்குப் போய், ஆஸ்கரின் திரைக்கதைப் பரிந்துரை வரை சென்றது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் தயாரிப்புப் பிரிவும் இதே காலத்தில் சேனல் 4உடன் கைகோத்தது. பீட்டர் கிரீனவேயின் 'தி டிராட்ஸ்மன்ஸ் கான்ட்ராக்ட்' அந்தக் கூட்டில் பிறந்தது.

இந்த விடையின் பலம் எளிதில் விளங்கும். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒளிபரப்பு உறுதி. முதலீட்டை டிக்கெட் வசூலில் மட்டும் தேட வேண்டியதில்லை. கென் லோச், மைக் லீ, டெரன்ஸ் டேவிஸ் போன்றோரின் தொடர்ச்சியான படைப்பு வாழ்க்கைக்கு இந்தப் பாதுகாப்பு பெரிதும் உதவியது. பலவீனமும் அங்கேயே இருந்தது. தொலைக்காட்சியில் விரைவில் வரப்போகும் படத்தை ஏன் திரையிட வேண்டும் என்று திரையரங்கு உரிமையாளர்கள் கேட்டார்கள். வெளியீட்டுக்கும் ஒளிபரப்புக்கும் இடையே மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும் என்ற அவர்களது விதி 1980களில் நீண்ட இழுபறிக்குக் காரணமானது. மேலும் தேர்வு செய்யும் அதிகாரம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மேசைகளில் குவிந்தது. சேனல் 4 தன் படப் பிரிவைப் பெரிய நிறுவனமாக வளர்க்கப் பார்த்து, நஷ்டப்பட்டு, 2002இல் சுருக்கிக்கொண்டபோது அதன் அதிர்வை மொத்தச் சுயாதீனத் துறையும் உணர்ந்தது.

லாட்டரியும் கவுன்சிலும்

1995 முதல் தேசிய லாட்டரிப் பணம் சினிமாவுக்கு வந்தது. 1997இல் மூன்று தயாரிப்புக் குழுமங்களுக்கு மொத்தம் சுமார் 9.2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. எடுத்து முடித்தும் வெளிவராத படங்கள், வெளிவந்தும் யாரும் பார்க்காத படங்கள் என்று பத்திரிகைகள் பட்டியல் போட்டன. லாட்டரிப் பணத்தைப் பகிர 2000இல் தொடங்கிய யூகே ஃபிலிம் கவுன்சிலும் தப்பவில்லை. 2004இல் வெளியான 'செக்ஸ் லைவ்ஸ் ஆஃப் தி பொட்டேட்டோ மென்' என்ற நகைச்சுவைப் படத்துக்கு அது ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு கொடுத்தது பல ஆண்டுகள் பேசப்பட்டது.

அந்தக் கவுன்சிலின் தலைவர் ஆலன் பார்க்கர் 2002இல் ஆற்றிய உரை இந்த விவாதத்தில் ஒரு திருப்பம். தயாரிப்பைத் தள்ளிக்கொண்டிருப்பதில் பயனில்லை, விநியோகம் படத்தை இழுக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். சிக்கலை அவர் சரியாகவே பார்த்தார். ஆனால் அவர் மனத்தில் இருந்த விநியோகம் உலகச் சந்தைக்கானது. சிறு படங்களைக் கட்டிக்காப்பதைவிட, உலகப் படங்களுக்குத் திறமையும் வசதியும் தரும் மையமாகப் பிரிட்டன் மாற வேண்டும் என்ற பக்கம் அந்த வாதம் சாய்ந்தது. பத்து ஆண்டு கழித்து, திரைப்படக் கொள்கையை ஆராய்ந்த கிறிஸ் ஸ்மித் குழுவின் அறிக்கை வெளியான நாட்களில், வணிக வெற்றி பெறக்கூடிய படங்களுக்கு லாட்டரிப் பணம் போகலாம் என்று பிரதமர் டேவிட் கேமரன் சொன்னபோது கென் லோச் எதிர்த்தார். எது வெற்றி பெறும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எல்லோரும் அதைத்தானே எடுப்பார்கள் என்ற பதில் அப்போது பல வாய்களிலிருந்து வந்தது. அதை மறுப்பது கடினம்.

காட்டும் கட்டத்தை நேரடியாகத் தொட்ட முயற்சிகளும் கவுன்சில் காலத்தில் நடந்தன. 2005இல் தொடங்கிய டிஜிட்டல் திரை வலைப்பின்னல் சுமார் 240 திரைகளுக்கு டிஜிட்டல் புரொஜெக்டர் வாங்கிக்கொடுத்தது. பதிலுக்கு அந்த அரங்குகள் மாற்றுப் படங்களைக் கூடுதலாகத் திரையிட வேண்டும். செலவு சுமார் 1.2 கோடி பவுண்டு. தொழில்நுட்பம் எல்லா அரங்குகளுக்கும் பரவியதும் அந்தப் பிடி தளர்ந்துபோனது. 2010இல் கவுன்சிலை ஒழிப்பதாக அரசு அறிவித்தது. மறு ஆண்டு அதன் பொறுப்புகள் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டுக்கு மாறின.

வரிச்சலுகை: பழைய நிபந்தனை திரும்பிய கதை

இன்றைய சிறு படத்தின் நிதிக் கட்டுமானத்தில் வரிச்சலுகையே அடித்தளம். 1990களின் சலுகைகள் முதலீட்டாளரின் வரிக் கணக்கைக் குறிவைத்தன. அதனால் படத்தைவிட வரி தவிர்ப்புத் திட்டங்கள் செழித்தன. 2004இல் அரசு திடீரென ஓட்டையை அடைத்தபோது பாதியில் நின்ற படங்கள் உண்டு. 2007இல் சலுகை நேரடியாகத் தயாரிப்பு நிறுவனத்துக்கு மாறியது. அதற்குத் தகுதி பெற, கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்த வழியில் வராத படங்கள் பண்பாட்டுத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். தற்போது 35 மதிப்பெண்ணுக்கு 18 எடுத்தால் தேர்ச்சி. கதைக்களம், முதன்மைப் பாத்திரங்கள், கதைப்பொருள் ஆகியவற்றுக்குத் தலா 4, மொழிக்கு 6, மீதி பண்பாட்டுப் பங்களிப்புக்கும், வேலை நடந்த இடத்துக்கும், வேலை செய்தவர்களின் குடியுரிமை அல்லது வசிப்பிடத்துக்கும். மொழி மதிப்பெண் ஆங்கிலத்துக்கும் பிரிட்டனின் பூர்வீக மொழிகளுக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி மொழிகளுக்கும் மட்டும் உண்டு. லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாழும் தமிழ்க் குடும்பத்தைப் பற்றி, அங்கேயே பிறந்த இயக்குநர் தமிழ் வசனத்தில் படமெடுத்தால் அந்த ஆறும் சுழி. மற்ற பிரிவுகளின் மதிப்பெண்ணில் அவர் தேறிவிடுவார் என்றாலும், எந்தப் பிரிட்டிஷ் தெருவும் இல்லாத ஒரு ஹாலிவுட் விண்வெளிப் படத்துக்கு ஆங்கிலத்தின் பேரில் ஆறு கிடைக்கிறது.

இந்த ஏற்பாட்டால் பிரிட்டிஷ் ஸ்டுடியோக்கள் நிரம்பின. ஆனால் நாட்டில் செலவாகும் திரைப்படத் தயாரிப்புப் பணத்தில் முழு உள்நாட்டுப் படங்களின் பங்கு அண்மை ஆண்டுகளில் சுமார் பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. எண்ணிக்கையில் உள்நாட்டுப் படங்களே அதிகம், அவற்றில் பெரும்பாலானவை 5 லட்சம் பவுண்டுக்கும் குறைந்த செலவில் எடுக்கப்படுபவை. பெரிய படங்கள் பலரைப் பயிற்றுவிக்கின்றன, அந்தத் திறமை சிறு படத்துக்கும் கசியும் என்பது ஸ்டுடியோ ஆதரவாளர்கள் சொல்லும் மறுப்பு. அதில் உண்மை உண்டு. ஆனால் அதே ஒலிப்பதிவாளரையும் அதே ஒளி உதவியாளரையும் பெரிய படமும் ஸ்ட்ரீமிங் தொடரும் அதிகச் சம்பளம் கொடுத்து இழுக்கும்போது, சிறு படத்தின் செலவும் ஏறுகிறது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டுக்காக 2022இல் ஆல்மா எக்கனாமிக்ஸ் தயாரித்த ஆய்வு இந்த நெருக்கடியை விவரித்து, சுயாதீனப் படங்களுக்குக் கூடுதல் வரிச்சலுகையைப் பரிந்துரைத்தது.

2024 மார்ச் பட்ஜெட்டில் அது நிறைவேறியது. மொத்தப் பட்ஜெட் 2.35 கோடி பவுண்டைத் தாண்டாத படங்களுக்கு, 1.5 கோடி வரையிலான முதன்மைச் செலவின் மீது 53 விழுக்காடு வரி வரவு. முதன்மைச் செலவு முழுவதும் பிரிட்டனிலேயே ஆகும் 10 லட்சம் பவுண்டுப் படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 80 விழுக்காடு, அதாவது 8 லட்சம், கணக்கில் சேரும். அதன் மீது வரவு 4,24,000. அதற்கு 25 விழுக்காடு வரி போக மிஞ்சுவது 3,18,000. பழைய திட்டத்தில் இதே படத்துக்கு 2 லட்சம்தான் கிடைத்திருக்கும். சிறு தயாரிப்பாளருக்கு இது பெரிய மாற்றம். ஆனாலும் இந்தத் தொகை படம் முடிந்து, கணக்கு தாக்கலான பிறகே கைக்கு வரும். படப்பிடிப்புக்குப் பணம் வேண்டுமானால் வரப்போகும் வரவை அடமானமாக வைத்துக் கடன் வாங்க வேண்டும், வட்டியும் கட்டணமும் அதில் ஒரு கடி கடிக்கும்.

இந்தச் சலுகைக்கு இன்னொரு நிபந்தனை: கூட்டுத் தயாரிப்பாக இல்லாவிட்டால், இயக்குநரோ எழுத்தாளரோ பிரிட்டிஷ்காரராக இருக்க வேண்டும். செலவின் முகவரியைவிடப் படைப்பாளியை முன்னிறுத்தும் இந்த அளவுகோல் புதுமையாகப் பேசப்பட்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த திரைக்கதை ஆசிரியர் நிபந்தனைதான் ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பின் வேறு உருவில் வந்திருக்கிறது. முதல் பழக்கம் இங்கே ஓரளவு உடைந்திருக்கிறது என்று ஏற்கலாம். இரண்டாவது பழக்கம் அப்படியே நிற்கிறது. படம் திரையரங்கு வெளியீட்டுக்கென்று எடுக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எத்தனை திரையில், எத்தனை நாள் ஓடியது என்று அது கேட்பதில்லை.

செலவைச் சுருக்கும் வழிகள்

பணம் குறைந்தால் நாள் குறையும். ஃபிலிம் லண்டனின் 'மைக்ரோவேவ்' திட்டத்தில் ஒரு லட்சம் பவுண்டில் எடுக்கப்பட்ட எரான் கிரீவியின் 'ஷிஃப்டி'க்குக் கிடைத்தவை 18 படப்பிடிப்பு நாட்கள். பிலிப் பரான்டினியின் 'பாய்லிங் பாயின்ட்' ஒரு உணவகத்துக்குள் ஒரே ஷாட்டில் நடக்கும் முழுநீளப் படம். எட்டு முறை எடுக்கத் திட்டமிட்டு, 2020 மார்ச்சில் பெருந்தொற்று நெருக்கியதால் நான்கோடு நிறுத்தினார்கள். நாம் பார்ப்பது மூன்றாவது முறை எடுத்தது. மார்க் ஜென்கின் கார்ன்வால் மீனவக் கிராமத்தைப் பற்றிய 'பெய்ட்' படத்தைக் கையால் சாவி கொடுக்கும் போலெக்ஸ் கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, ஃபிலிமைத் தானே கழுவி, ஒலியை முழுக்கப் பின்னால் சேர்த்தார். பற்றாக்குறையே வடிவமாக மாறிய படங்கள் இவை.

இப்படங்களைக் காட்டி, பணமின்மை கலைக்கு நல்லது என்று வாதிடுவோர் உண்டு. வெற்றி பெற்றவற்றை மட்டும் எண்ணும் கணக்கு அது. குறைந்த பட்ஜெட்டில் நிஜமாகச் சுருக்கப்படுவது பெரும்பாலும் சம்பளம். 'லாபம் வந்தால் தருகிறோம்' என்ற ஒப்பந்தங்களும், செலவுத்தொகை மட்டும் கொடுத்து வேலை வாங்கும் வழக்கமும் நெடுங்காலம் நடந்தன. தேசியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1999 முதல் நடைமுறையில் இருந்தும், அது இத்தகையவர்களுக்கும் பொருந்தும் என்பதைத் தொழிற்சங்கம் தீர்ப்பாயம் வரை போய் நிறுவ வேண்டியிருந்தது. கூலியில்லாமல் சில மாதம் தாக்குப்பிடிக்கக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளே துறைக்குள் நுழைய முடிகிறது என்ற குற்றச்சாட்டு, படங்களில் யாருடைய கதை சொல்லப்படுகிறது என்ற கேள்வியோடு நேராக இணைகிறது.

வயதுச் சான்றிதழ் என்ற தனிக் கதவு

நிதி பற்றிய ஆய்வுகள் வயது வகைப்பாட்டை அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலை. 1909ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிமிலிருந்து பார்வையாளரைக் காக்கவே வந்தது. உரிமம் கொடுக்கும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு உள்ளாட்சி மன்றங்கள் படத்தின் உள்ளடக்கத்திலும் தலையிட்டன. ஊருக்கு ஒரு தீர்ப்பு என்ற நிலையைத் தவிர்க்க, 1912இல் திரைத்துறையே தன் செலவில் தணிக்கை வாரியம் அமைத்துக்கொண்டது. 1984இல் அதன் பெயரில் 'தணிக்கை' போய் 'வகைப்பாடு' வந்தது. இன்றும் அது அரசு அமைப்பு அல்ல. திரையரங்குப் படத்தில் இறுதி அதிகாரம் இன்னமும் உள்ளாட்சி மன்றத்துக்கே. லண்டனில் வெளியாகும் தமிழ்ப் படங்களும் இதே வாரியத்தின் சான்றிதழோடுதான் திரைக்கு வருகின்றன.

சான்றிதழை வியாபாரமாக்கிய காலமும் உண்டு. 1951இல் 'எக்ஸ்' சான்று வந்தபோது பெரிய நிறுவனங்கள் தயங்கின. சிறு நிறுவனமான ஹாமர், 1955இல் தன் படத்தின் பெயரிலேயே அந்த எழுத்தைப் பெரிதாகப் பொறித்து 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' என்று வெளியிட்டு லாபம் பார்த்தது. ஆனால் சமூக யதார்த்தப் படங்களுக்கு உயர்ந்த வயது வரம்பு பெரும்பாலும் நஷ்டமே. கென் லோச்சின் 'ஸ்வீட் சிக்ஸ்டீன்' 2002இல் கெட்ட வார்த்தைகளுக்காக 18 சான்று பெற்றது. படத்தின் நாயகனுக்கு வயது பதினாறு ஆகப்போகிறது. கதை நடக்கும் ஸ்காட்லாந்தின் இன்வர்கிளைட் மன்றம், தன் எல்லைக்குள் மட்டும் 15 என்று மாற்றிக்கொண்டது. ஷேன் மெடோஸின் 'திஸ் இஸ் இங்கிலாந்து' ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவன் இனவெறிக் கும்பலில் சிக்குவதைப் பேசும் படம். அதற்கும் 18. பிரிஸ்டல் மன்றம் 15 ஆக்கியது. 2010இல் 'தி கிங்ஸ் ஸ்பீச்'சுக்கு முதலில் 15 கிடைத்தது. விநியோக நிறுவனம் முறையிட்டதும் வாரியம் அதை 12ஏ ஆகக் குறைத்தது. அரசர் தன் திக்குவாயைச் சரிசெய்யும் பயிற்சியில் சொல்லும் வார்த்தைகள் அவை, யாரையும் தாக்கச் சொல்பவை அல்ல என்பது காரணம்.

வாரியத்தின் தரப்பில் நியாயம் இருக்கிறது. அது வார்த்தைகளை எண்ணுவதோடு நிற்காமல் சூழலையும் தொனியையும் பார்க்கிறது. விதிகளைப் பொதுமக்கள் கருத்துக் கேட்டுத் திருத்துகிறது. வெளிப்படையான பாலுறவுக் காட்சிகள் கொண்ட 'நைன் சாங்ஸ்' போன்ற படத்தையே வெட்டில்லாமல் விட்டது. ஆனால் ஆக்ரோஷமாகப் பேசுவது ஒரு வர்க்கத்தின் அன்றாடப் பேச்சாக இருக்கும்போது, சூழலைப் பார்ப்பதாகச் சொல்லும் விதியே அந்த வர்க்கத்தின் படங்களை வயது ஏணியில் மேலே தள்ளிவிடுகிறது. 'தி ஏஞ்சல்ஸ் ஷேர்' படத்துக்கு 15 வாங்க வசனத்தைக் குறைக்க நேர்ந்ததாக 2012இல் கான் விழாவில் லோச் குறைப்பட்டது இதைத்தான். கட்டணத்திலும் இதே சாய்வு உண்டு. வாரியம் படத்தின் நீளத்தைப் பார்த்தே முக்கியமாகக் கட்டணம் வாங்குகிறது. இருபது கோடிப் பட்ஜெட் படமும் இரண்டு லட்சப் படமும் நிமிடத்துக்கு நிமிடம் சமம். சிறு விழாக்கள் உள்ளாட்சி அனுமதியோடு சான்றில்லாத படத்தைக் காட்ட வழி இருக்கிறது. டிவிடி விற்க 1984ஆம் ஆண்டு வீடியோ சட்டப்படி சான்று கட்டாயம். 

வசூல் எங்கே போகிறது

ஒரு கற்பனைக் கணக்கு உதவும். டிக்கெட் 9 பவுண்டு. 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி போக 7.50. விநியோகஸ்தர் பங்கு 30 விழுக்காடு என்று வைத்தால் 2.25. இருபதாயிரம் பேர் பார்த்தால் விநியோகஸ்தருக்கு 45,000 பவுண்டு வரும். சுவரொட்டி, டிரெய்லர், விளம்பரம், சான்றிதழ் எல்லாம் சேர்ந்து 60,000 ஆகியிருந்தால் தயாரிப்பாளருக்குச் சேர்வது ஒன்றுமில்லை. வெளிநாட்டு விற்பனை முகவரின் கமிஷனும் செலவும் அதற்குமேல் தனி. சிறு படம் லாபம் காட்டுவதில்லை என்ற புகாரைப் படத்தின் தரத்தோடு மட்டும் முடிச்சுப் போடுவது ஏன் அவசரமான முடிவு என்பதற்கு இந்தக் கணக்கே போதும். மக்கள் விரும்பினால் கூட்டம் தானாக வரும் என்பது சந்தைவாதிகளின் பதில். வந்த கூட்டத்தையும் திரையரங்கு திருப்பி அனுப்பியது உண்டு. 2019 நவம்பரில் பர்மிங்காம் திரையரங்கு வளாகம் ஒன்றில் கலவரம் நடந்ததும், நல்ல வசூலோடு தொடங்கிய, கறுப்பின இளைஞர்களைப் பற்றிய 'புளூ ஸ்டோரி'யை வியூ திரையரங்குச் சங்கிலி தன் எல்லா அரங்குகளிலிருந்தும் எடுத்தது. இனப் பாகுபாடு என்று கண்டனம் எழுந்து, சில நாளில் படம் திரும்ப வந்தது. எந்தப் படம் ஓடும் என்பதை ரசனை மட்டும் முடிவு செய்வதில்லை.

ஸ்ட்ரீமிங் வந்தபின் திரையரங்கைப் பற்றிக் கவலைப்படுவது பழைய பழக்கம் என்று இன்னொரு மறுப்பும் எழுகிறது. அங்கே வாரியச் சான்று சட்டக் கட்டாயம் இல்லை, திரைப் பற்றாக்குறையும் இல்லை. ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைத் தளங்கள் தயாரிப்பாளரிடம் முழுமையாகப் பகிர்வதில்லை. உரிமைக்குக் கிடைக்கும் விலையோ, பல வேளைகளில் படத்துக்குத் திரையரங்கில் கிடைத்த கவனத்தைப் பொறுத்தே அமைகிறது.

தீராதவை

2025 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் பண்பாட்டு, ஊடக, விளையாட்டுக் குழு இரண்டு யோசனைகளை முன்வைத்தது. சுயாதீனப் படங்களின் பிரதி, விளம்பரச் செலவுக்கு 25 விழுக்காடு வரிச்சலுகை ஒன்று. ஸ்ட்ரீமிங் தளங்களின் பிரிட்டிஷ் சந்தா வருவாயில் 5 விழுக்காடு தீர்வை மற்றொன்று. முதலாவது, உதவியைக் காட்டும் கட்டத்துக்குக் கொண்டுபோகும் முயற்சி. இரண்டாவது, ஈடி தீர்வையின் மறுபிறவி. இந்தத் தீர்வை வந்தாலும், அதைப் பகிரும் சூத்திரம் பார்வையாளர் எண்ணிக்கையைப் பின்பற்றினால் 1960களின் கதை திரும்பக்கூடும். விளம்பரச் சலுகை மட்டும் வந்தால், அது கூடுதல் திரைகளைத் திறக்குமா, அல்லது அதே சில திரைகளுக்கான விளம்பரச் செலவை உயர்த்துமா என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது.

53 விழுக்காட்டுச் சலுகையின் பலனை எடைபோடுவதும் இன்னும் முன்கூட்டியதே. கோரிக்கைகளை 2025 ஏப்ரல் முதல்தான் தாக்கல் செய்ய முடிந்தது. கூடுதல் பணம் படப்பிடிப்பு நாட்களையும் நியாயமான கூலியையும் கூட்டுமா, கடன் கொடுப்போரின் கட்டணத்திலும் ஏறிய சம்பளத்திலும் கரையுமா என்பது இரண்டு மூன்று ஆண்டுக் கணக்குகள் வந்த பிறகே தெரியும். 2.35 கோடி வரையிலான படமும் 2 லட்சப் படமும் ஒரே விகிதத்தில் சலுகை பெறுவதால், உச்சவரம்பை ஒட்டிய நட்சத்திரப் படங்களே பெரும்பங்கை எடுத்துக்கொள்ளுமோ என்ற ஐயமும் அந்தக் கணக்குகள் வரும்வரை அப்படியே இருக்கும். உள்ளாட்சி மன்றங்களின் மாற்றி வகைப்படுத்தும் அதிகாரத்தைச் சிறு படங்களுக்குச் சாதகமாகத் திட்டமிட்டுப் பயன்படுத்தலாமா என்பதை நிதிக் கொள்கை வகுப்போர் இதுவரை பெரிதாக எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. இன்வர்கிளைடும் பிரிஸ்டலும் சட்டத்துக்குள்ளேயே அதைச் செய்து காட்டியிருக்கின்றன.